பொதுப் பிரச்சினை

மழைக் காலத்தில்தான் பட்டறையின் நாற்றம் ஊருக்குள் இறங்கும். மற்ற நாட்களில் காற்று அதை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். மழை பிடித்துவிட்டால் புகை மேலே ஏறாது. கூரையிலிருந்து வழிந்து, சுவரோரமாகவே நகர்ந்து, பள்ளிக்கூடத்து ஜன்னல் வரைக்கும் வந்துவிடும். இறைச்சிக் கடைகளில் கழித்துப் போடும் கொழுப்பைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கி வந்து, நறுக்கி, இரும்புக் கொப்பரையில் உருக்குகிற பட்டறை அது. உருகியது சோப்புக் கம்பெனிக்குப் போகும். சக்கை கோழித் தீவனத்துக்குப் போகும். நாற்றம் மட்டும் ஊருக்கு.

பெரிய கொப்பரையில் நிற்பவரைக் கரண்டி என்று கூப்பிடுவார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து துழாவிக்கொண்டிருப்பார். தீ கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் கொழுப்பு கருகிவிடும், சோப்புக்காரன் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் கொப்பரையை விட்டுப் பார்வையை எடுக்க முடியாது. பேச்சும் கிடையாது. முன்கை இரண்டிலும் சூடு தெறித்த புள்ளிகள் வெள்ளை வெள்ளையாக இருக்கும். தரை முழுக்க வழுக்கும் என்பதால் மரத்தூளைக் கொட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வரும்போது அவர் செருப்பில் அந்தத் தூள் அப்பிக்கொண்டு வரும்.

"மனுஷன் வாயைத் திறந்தா கொழுப்பு கருகிடும்னு அங்க பழகினவரு, வீட்டுலயும் திறக்க மாட்டேங்கறாரு. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கு" என்பாள் அவர் மனைவி. அவள் கடைவீதியில் ஒரு தையல்கடையில் பழைய துணிகளை இறுக்கியும் தளர்த்தியும் கொடுக்கிற வேலை பார்த்தாள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலடியில் உட்கார்ந்து முடிப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். ஏழாம் வகுப்பு. சீருடையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, உள்ளே ஒரு சோப்புக்கட்டியையும் வைத்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாள். குளித்துத் தலை துவட்டி, வாசலைத் தாண்டப் போகும்போதுதான் அதை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அம்மாவுக்கு அது ஏன் என்று தெரியும். ஒன்றும் கேட்டதில்லை. மகளுக்குக் குரல் கணீரென்று இருக்கும். வகுப்பில் அவளுக்கு மைக் என்று பெயர்.

குடிமையியல் டீச்சர் அந்த வருஷம்தான் பள்ளிக்கு வந்தவர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறவர். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போனது. முதலில் மரியாதை பற்றிய பாடம். ஒவ்வொருவராக எழுந்து வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேலி கூடாது.

அவள் முறை வந்தது. "எங்கப்பா எண்ணெய்க் கம்பெனியில இருக்கார்" என்றாள்.

"என்ன எண்ணெய்?" என்று முன்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"சோப்புக்குப் போற எண்ணெய்."

"சோப்பு இல்லேன்னா நம்ம கதி என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க" என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் வேற்றுமை பற்றி. வேறு பாஷை பேசுகிறவர்கள், வேறு மாதிரி உடுத்துகிறவர்கள், பணக்காரர், இல்லாதவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிற இடம் எது என்று டீச்சர் கேட்டார். "கக்கூஸ்" என்றான் அதே முன்பெஞ்சுக்காரன். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் சரிதான். இன்னொன்னு சொல்லுங்க" என்றார். கடைசியில் யாரோ ஓட்டுச்சாவடி என்றார்கள். டீச்சர் அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்.

மூன்றாவது பாடம் பங்கேற்பு. ஊரின் பொதுப் பிரச்சினை ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து நகர மன்றத்தில் போய்ப் பேச வேண்டும். மன்றத் தலைவரிடம் டீச்சர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பள்ளி முன்னால் ரோட்டைக் கடக்க முடியவில்லை என்றார்கள் சிலர். நூலகம் பிள்ளைகள் வருகிற நேரத்தில் பூட்டியிருக்கிறது என்றார்கள் சிலர். அன்று நல்ல மழை. ஜன்னல்களைச் சாத்தியும் நாற்றம் உள்ளே நின்றது. மைக்கின் பக்கத்து இடத்துக்காரிக்கு இளைப்பு உண்டு. மருந்துக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அவள்தான் எழுந்தாள்.

"டீச்சர், பட்டறை. அது ஒண்ணு போதும்" என்றாள்.

வாக்கெடுப்பு. பட்டறை என்றபோது கைகள் மளமளவென்று உயர்ந்தன. மைக்கின் கை மேஜை மேலேயே இருந்தது. இளைப்புக்காரி திரும்பி அவளைப் பார்த்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. மைக் கையைத் தூக்கினாள். முழங்கை வரைக்கும்தான். டீச்சர் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

யார் பேசுவது என்று கேட்டபோது வகுப்பே ஒரு குரலாகச் சொன்னது, "மைக்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருந்த காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை. பேச வேண்டியதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தாள். 'இதுக்கு முன்னாடியும் எத்தனையோ பேர் புகார் கொடுத்திருக்காங்க, என்ன நடந்துச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. மன்றத்துக்குப் பட்டறையைப் பற்றித் தெரியாமல் இல்லை.

பட்டறை முதலாளிக்கும் விஷயம் போயிருந்தது. அவர் தன் ஆட்களிடம், "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏதோ பேசப் போகுதாம். நீங்களும் வந்து முகத்தைக் காட்டுங்க. வாயைத் திறக்க வேணாம். நம்ம பக்கமும் ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். கரண்டி அன்று சீக்கிரமே தீயைத் தணித்துவிட்டு, பட்டறைக் குழாயிலேயே தேய்த்துக் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கூடவே பீப்பாய்க்காரர். பட்டறையில் வயதில் மூத்தவர். பீப்பாய் உருட்டி உருட்டி இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோனவர்.

மன்றக் கூடத்தில் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முன்வரிசையில். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். அவள் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தாள். கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்டது.

"எங்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மழைக் காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. என் பக்கத்தில் உட்காரும் தோழி மூச்சுவிட முடியாமல் பாதி வகுப்பிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறாள்."

அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு எடுக்கும்போதுதான் பார்த்தாள். பின்னால், தூணை ஒட்டி, வெள்ளைச் சட்டை. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பரையைப் பார்க்கிற மாதிரி, அசையாமல்.

வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. அது தானாகவே வெளியே வந்தது. "யாரோ சிலர் பிழைப்பதற்காக ஊரே ஏன் இந்த நாற்றத்தைத் தாங்க வேண்டும்? சுத்தமான காற்று எங்கள் உரிமை."

கூடம் கைதட்டியது. பீப்பாய்க்காரரும் தட்டிவிட்டார், எல்லாரும் தட்டுகிறார்களே என்று. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பெரியவர்கள் இத்தனை வருஷமாகச் செய்யாததைப் பிள்ளைகள் செய்துவிட்டார்கள் என்றார். பட்டறைக்கு உரிமம் இனிமேல் புதுப்பிக்கப்படாது என்று அன்றைக்கே முடிவானது. முதலாளி எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அந்த இடத்தை விலைக்குக் கேட்டு ஏற்கெனவே ஆட்கள் அவரிடம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா முன்னாலேயே வந்திருந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். அம்மா ஜன்னலடியில் ஒரு பேண்ட்டின் கால்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கூட்டத்துல என்னாச்சு? மூடுறாங்களா இல்லியா?"

"மூடுறாங்க."

"நெசமாவா? யாரு அப்படிப் பேசினது?"

"நம்ம பாப்பாதான்" என்றார்.

அம்மாவின் கை நின்றது. மகள் கதவருகில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"நல்லாப் பேசுச்சு. பின்னால வரைக்கும் கேட்டுச்சு" என்றார் அப்பா. எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.

"நீயாடி?"

அவள் தலையாட்டினாள்.

"அங்கதான் உங்கப்பா வேலை பார்க்கறாருன்னு உங்க டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கூடப் படிக்கிறவங்களுக்கு?"

"தெரியாதும்மா."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்" என்றாள் அவள்.

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அடிப்பாள் என்று மகள் நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

பட்டறையின் கடைசி உருக்கு ஒரு வெயில் நாளில் முடிந்தது. கொப்பரையில் அடி பிடித்திருந்ததைக் கரண்டி சுரண்டிச் சுரண்டி எடுத்தார். இனிமேல் அதில் யாரும் எதையும் உருக்கப் போவதில்லை என்று தெரிந்தும் இரும்பு பளபளக்கிற வரைக்கும் விடவில்லை. முதலாளி ஆளுக்கு ஒரு டின் கொழுப்பு கொடுத்தார், வீட்டில் உபயோகப்படும் என்று. தன்னுடையதைக் கரண்டி பீப்பாய்க்காரரிடமே கொடுத்துவிட்டார்.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் சத்தம் குறைந்தது. தெருவில் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார்கள். துணிகளை வெளியில் காயப் போட்டார்கள். அப்பா விடியற்காலையில் எழுந்து, போவதற்கு இடமில்லாமல், தண்ணீர் பிடித்து வைத்தார், வாசலைப் பெருக்கினார், பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினார். மகள் பள்ளிக்குப் போனாள், வந்தாள். பை இல்லாமல் சும்மாவே தொங்கியது சீருடை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். உள்ளே எதுவோ நின்றுபோன மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. வரவில்லையே என்றுகூடப் படவில்லை.

அம்மாவும் பேச்சைக் குறைத்துவிட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

பீப்பாய்க்காரருடைய மருமகன் மூலமாக அப்பாவுக்கு ஊர்க் கோடியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சுமை இறக்கும் வேலை கிடைத்தது. "இத்தனை வருஷம் வெந்தாச்சு. இனிமே உறைஞ்சு பாருங்க" என்றாள் அம்மா, பல நாளுக்குப் பிறகு. அவர் லேசாகச் சிரித்தார். இரண்டு சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார். பீப்பாய்க்காரரை அங்கே எடுக்கவில்லை. இடுப்பைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வகுப்பில் உண்மை வெளியானது டீச்சரால்தான். மூடிய பட்டறையைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். சந்தோஷம், வெற்றி, ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவள் எழுந்து, "எங்கப்பா அங்கதான் வேலை பார்த்தார்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. முன்பெஞ்சுக்காரன்தான் கேட்டான். "அப்புறம் நீ ஏன் கை தூக்கினே?"

"எல்லாரும் தூக்கினீங்க" என்றாள்.

இளைப்புக்காரி அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அன்று பள்ளி விட்டதும் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். "எனக்கு இப்ப ராத்திரியில நல்லாத் தூக்கம் வருது. சொல்லலாமா வேணாமான்னு தெரியல" என்றாள். "சொல்லலாம்" என்றாள் மைக்.

மறுநாள் மாலை டீச்சர் வீட்டுக்கு வந்தார். அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்பா கிடங்கிலிருந்து இன்னும் வரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இவளைப் பேச வெச்சிருக்க மாட்டேன்" என்றார் டீச்சர்.

"வேற பிள்ளையைப் பேச வெச்சிருப்பீங்க."

டீச்சர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். டீ குடிக்கிறீங்களா?"

"வேணாங்க. இவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லா வேலையும் மரியாதையான வேலைதான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருப்பீங்க. இந்தத் தெரு வழியா வரும்போது மூக்கை மூடிக்கிட்டுத்தானே வருவீங்க? நானும் அப்படித்தான். என் புருஷன் வந்ததும் முதல்ல குளிங்கம்பேன், அப்புறம்தான் என்னன்னு கேப்பேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். இவ அதைப் பார்த்துத்தானே வளர்ந்தா? உங்க பாடம் நேத்து வந்தது."

"நாங்க திரும்பவும் மன்றத்துக்குப் போகலாம்னு இருக்கோம். பிள்ளைங்களே கேட்டாங்க."

"போய்? பட்டறையைத் திறக்கச் சொல்லியா?" அம்மா சிரித்தாள். "அய்யய்யோ, வேணவே வேணாம். அது மூடணும்னு உங்களுக்கு முன்னாடியே நினைச்சவ நான். இந்த வீட்டு மெத்தை, தலையணை, என் தலைமுடி, எல்லாத்துலயும் அதுதான். நான் கேக்கறது வேற. இத்தனை பேரும் நாளைக்கு எங்க போவாங்கன்னு அங்க ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? நீங்க கேட்டீங்களா?"

"இல்ல" என்றார் டீச்சர்.

"அவ்வளவுதான் டீச்சர். அதுக்கு மேல என்கிட்ட சொல்ல எதுவும் இல்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "டீ போடறேன். குடிச்சுட்டுப் போங்க."

டீச்சர் குடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது முறை மன்றத்துக்கு வகுப்பில் பாதிப் பேர்தான் போனார்கள். மகள் பேச மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் அதற்கு முந்தின மாலை அப்பாவிடம், "நீயும் வாப்பா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கிடங்கில் அரைநாள் கேட்டு வாங்கிக்கொண்டு, பீப்பாய்க்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இளைப்புக்காரிதான் எழுந்து பேசினாள். வேலை போனவர்களுக்கு நகரத் துப்புரவிலோ பூங்காவிலோ இடம் கொடுக்க வேண்டும் என்றாள். நடுவில் மூச்சு வாங்கியது. நல்ல யோசனை என்றார் தலைவர். பாதிக்கப்பட்டவர் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். பீப்பாய்க்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். கரண்டி எழுந்தார். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேற வேலை கிடைச்சிருச்சுங்க. நான் எனக்காக வரல. இவருக்குக் கிடைக்கல. இன்னும் சில பேருக்குக் கிடைக்கல. பிள்ளைங்க சொன்னது நெசந்தான். நாத்தம் இருக்கத்தான் செஞ்சது. நாங்களும் அதைத்தான் மூச்சா இழுத்தோம். மூடினது தப்புன்னு சொல்லல. மூடறதுக்கு முன்னாடி எங்களையும் கூப்பிட்டு வெச்சு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நாங்க அன்னிக்கு இங்கதான் இருந்தோம். அந்தத் தூண் பக்கத்துல."

குரல் பெரிதாக இல்லை. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. மகளுக்குக் கேட்டது. அப்பா இத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை.

தலைவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பரிசீலிப்பதாகச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

பீப்பாய்க்காரர் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்பாவும் மகளும் நடந்தே வந்தார்கள். மழை விட்டுத் தெரு ஈரமாகக் கிடந்தது. பட்டறை வாசலைக் கடக்கும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டு போட்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"நீ ஏன்பா என்னைத் திட்டவே இல்ல?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்னன்னு திட்டறது? நீ சொன்னதுல பொய் எதுவும் இல்லியே" என்றார்.

வழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அவர் அந்தப் பக்கமாகவும் இவள் இந்தப் பக்கமாகவும் போய்த் திரும்பச் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மா ஜன்னலடியில் ஒரு சின்னப் பாவாடையின் இடுப்பைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"கேட்டுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் தெருவிளக்கு பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க."

அம்மா ஊசியை வெளிச்சத்தில் பிடித்து நூலைக் கோத்தாள். ஒரே தடவையில் போகவில்லை. நுனியை நாக்கில் நனைத்துத் திரும்பக் கோத்தாள்.

"தெருவிளக்கும் வேணும்தான்" என்றாள். "கை கால் கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும். சாப்பிடலாம்."